பள்ளி மணி அடித்த பிறகு: விளையாட்டும் பாட்டும் பள்ளிக்கூடத்துக்குள் வந்த கதை



உங்கள் வீட்டுப் பிள்ளையின் ரேங்க் கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் மேலே மதிப்பெண்ணோடு வரிசையாக இருக்கும். கீழே, கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, விளையாட்டு, பாட்டு, ஓவியம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்கு எதிரே ஒரு 'ஏ' அல்லது ஒரு 'பி'. அந்த வரியை நாம் படிப்பதில்லை. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடனாக வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அந்த வரி அங்கே தானாக வந்துவிடவில்லை. சில மனிதர்கள் பிடிவாதமாக நின்று அதைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கடைசியில் நம் வளாகத்தைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தப் பழைய கதை உதவும் என்று நினைக்கிறேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே இருந்த பெரிய விடுதிப் பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர்களின் வேலை முடிந்தது. பையன்கள் பந்து விளையாடினால் அது அவர்கள் பாடு. விதிகளையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள், சண்டையையும் அவர்களே போட்டுத் தீர்த்தார்கள்.

மார்ல்பரோ என்ற ஊரில் 1843இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பாதிரியார்களின் பிள்ளைகள் குறைந்த செலவில் படிப்பதற்காக வந்த பள்ளி அது. சில ஆண்டுகளிலேயே சுமார் 500 பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். சாப்பாடு சரியில்லை, இடம் போதவில்லை, அடி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. மாலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பையன்கள் சுற்றுவட்டாரத்தில் திரிந்து அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடினார்கள், விவசாயிகளோடு மல்லுக்கு நின்றார்கள். 1851இல் பள்ளிக்குள் பெரிய கலகமே வெடித்தது. தலைமை ஆசிரியர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

1852இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஜார்ஜ் காட்டன். ரக்பி பள்ளியில் தாமஸ் அர்னால்டின் கீழ் ஆசிரியராக இருந்தவர். மார்ல்பரோவின் கணக்கைப் பார்த்தால் கடன் நிற்கிறது, பையன்களோ கட்டுக்குள் இல்லை. அவர் செய்த காரியங்களில் முக்கியமானது, குறைந்த சம்பளத்துக்கும் வரத் தயாராக இருந்த இளம் ஆசிரியர்களைக் கூட்டி வந்ததும், மாலையில் பையன்களோடு சேர்ந்து அவர்களையும் மைதானத்தில் இறங்கி ஆட வைத்ததும். 1853இல் பெற்றோர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினார். பையன்கள் ஊர் சுற்றுவதை விட்டுப் பள்ளி மைதானத்தில் ஒழுங்கான விளையாட்டுகள் ஆட வேண்டும், அதற்குப் பெற்றோரின் ஆதரவு வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிக்கூடமே பொறுப்பெடுத்து நடத்தும் விளையாட்டு வேர் பிடித்த இடங்களில் இது முக்கியமான ஒன்று.

காட்டனின் நோக்கம் பெரிய வீரர்களை உருவாக்குவது அல்ல. 500 பையன்களுக்கும் மாலை நேரத்தில் ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். நன்றாக ஆடுகிறவனுக்கும் வேண்டும், பந்தைக் கண்டால் ஒதுங்குகிறவனுக்கும் வேண்டும்.

அதே காலத்தில் அப்பிங்ஹாம் என்ற சிறிய ஊரின் பள்ளிக்கு எட்வர்ட் த்ரிங் தலைமை ஆசிரியராக வந்தார். அவர் சேர்ந்த 1853இல் அங்கே முப்பது பையன்கள்கூட இல்லை. அவர் இறந்த 1887 வரை 34 ஆண்டுகள் அதே பதவியில் இருந்து, 300க்கும் மேற்பட்டவர்கள் படிக்கும் பள்ளியாக அதை வளர்த்தார். எந்தப் பையனிடமும் ஏதாவது ஒரு திறமை இருக்கும், அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பள்ளியின் கடமை என்பது அவருடைய கொள்கை. லத்தீன் வராதவனுக்குத் தச்சு வேலை வரலாம், தோட்டவேலை வரலாம், உடற்பயிற்சி வரலாம், பாட்டு வரலாம். அதனால் தச்சுப் பட்டறை, தோட்டம் எல்லாம் வைத்தார். 1859இல் உடற்பயிற்சிக்கூடம் கட்டினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அதுதான் முதலாவது என்று சொல்கிறார்கள்.

த்ரிங்குக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இருந்தும் இசைக்கென்று முழுநேர ஆசிரியர் வேண்டும் என்று 1865இல் ஜெர்மனியிலிருந்து பால் டேவிட் என்பவரை வரவழைத்தார். இவருடைய தந்தை பெர்டினாண்ட் டேவிட் பெரிய வயலின் வித்வான். மெண்டல்சன் தம்முடைய புகழ்பெற்ற வயலின் கான்செர்ட்டோவை அவருக்காகத்தான் எழுதினார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பையன்களுக்குப் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுக்க வந்தார். தமக்கு வராத கலை என்பதால் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று த்ரிங் நினைக்கவில்லை. 'எங்க குடும்பத்துல யாருக்கும் பாட்டு வராது' என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. கிரிக்கெட் அணியில் இருப்பவன் பள்ளிக்கே ராஜா. அவனுக்குத் தனித் தொப்பி, தனிச் சலுகை. ஆட வராதவனுக்கு ஏளனம். ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போதுகூட அவர் பல்கலைக்கழக அணியில் ஆடினாரா என்று பார்க்கும் நிலை வந்தது. எல்லாருக்கும் என்று தொடங்கிய ஏற்பாடு, பதினோரு பேருக்கானதாகச் சுருங்கி, மற்றவர்களைக் கைதட்ட வைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஊரிலும் இதைப் பார்க்கப்போகிறோம்.

இந்த ஏற்பாடு இந்தியாவுக்கு வந்ததிலும் காட்டனுக்குப் பங்கு உண்டு. 1858இல் அவர் கல்கத்தாவின் பிஷப்பாக நியமிக்கப்பட்டார். சிம்லாவில் 1859இல் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய பிஷப் காட்டன் பள்ளி. பெங்களூரில் 1865இல் தொடங்கிய பள்ளிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 1866இல் வங்காளத்தில் குஷ்டியா என்ற இடத்தில் ஆற்றில் தவறி விழுந்து இறந்துபோனார். அவர் தொடங்கியவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிகள். நம்மவர் படித்த பள்ளிகளுக்கு மைதானம் வந்தபோது எழுந்த சிக்கலே வேறு. அதற்கு ஸ்ரீநகர் நல்ல உதாரணம்.

1890இல் டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஸ்ரீநகரின் மிஷன் பள்ளிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தபோது படகுப் போட்டியில் சுக்கான் பிடித்தவர். அவர் பள்ளியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பையன்கள். படிப்பில் கெட்டி. ஆனால் உடம்பை வளைத்து எந்த வேலையும் செய்யமாட்டார்கள். கையில் தசை ஏறினால் கூலிக்காரன் என்று நினைத்துவிடுவார்களே என்பது அவர்கள் பயம். துடுப்புப் போடுவது படகுக்காரச் சாதியின் வேலை, அதைச் செய்தால் அவமானம்.

1891இல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து காட்டினார். பந்து தோலால் ஆனது என்று தெரிந்ததும் பையன்கள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். பிஸ்கோ விடவில்லை. தடி பிடித்த ஆசிரியர்களை மைதானத்தைச் சுற்றி நிறுத்தி, ஆட்டத்தைத் தொடங்கவைத்தார். நடுவில் பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டுவிட்டது. தீட்டாகிவிட்டதே என்று அவன் அழ, மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றார்கள். பக்கத்தில் ஓடும் கால்வாயில் முகத்தைக் கழுவச் சொன்னார் பிஸ்கோ. கழுவிக்கொண்டு வந்தான், ஆட்டம் தொடர்ந்தது. பின்னாளில் அதே பள்ளியின் பையன்கள் ஏரிகளில் நீந்தினார்கள், படகுப் போட்டி நடத்தினார்கள், வெள்ளம் வந்தபோது ஊராரைக் காப்பாற்றப் படகு ஓட்டினார்கள். குறிப்பிட்ட வயது தாண்டியும் நீந்தத் தெரியாதவனுக்குப் பள்ளிக் கட்டணத்தையே உயர்த்தினாராம் பிஸ்கோ.

தடியை நிறுத்தி விளையாடச் சொல்வதை இன்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். காஷ்மீர மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் மேலிருந்து கீழே பார்க்கும் தொனி இருப்பதும் உண்மை. இருந்தாலும், எந்தச் சாதிப் பையனும் ஒரே பந்தைத் தொடலாம் என்பது பாடப்புத்தகத்தில் படித்து வந்த அறிவு அல்ல, மைதானத்தில் வந்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் எதிர்த்தது தீட்டுக்குப் பயந்து. இந்தக் காலத்துப் பெற்றோர் தயங்குவது மதிப்பெண்ணுக்குப் பயந்து. காரணம் மாறியிருக்கிறது, தயக்கம் மாறவில்லை.

காஷ்மீரில் பந்து வந்த பத்தாண்டுக்குப் பிறகு வங்காளத்தில் பாட்டு வந்தது. பள்ளிக்கூடமே பிடிக்காமல் சிறுவயதில் படிப்பை விட்ட ரவீந்திரநாத் தாகூர், 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் அதில் ஒருவர். மரத்தடியில் வகுப்பு நடந்ததை நாம் படித்திருக்கிறோம். அங்கே பாட்டு ஒரு தனி பீரியடாக இல்லாமல் நாள் முழுவதும் கூடவே இருந்தது என்பதுதான் அதைவிட முக்கியம். விடியற்காலையில் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஆசிரமத்தைச் சுற்றி வருவார்கள். மழைக்காலத்துக்கு ஒரு பாட்டு, வசந்தத்துக்கு ஒரு பாட்டு. 1908இல் அவர் எழுதிய 'சாரதோத்சவ்' நாடகம், பூஜை விடுமுறைக்கு முன் பிள்ளைகள் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டது. தாகூரின் பாட்டுகளை நினைவில் வாங்கி, ஸ்வரக் குறிப்பு எழுதி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய உறவினர் தினேந்திரநாத். குரல் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து அங்கே பாடவிடவில்லை. அங்கே இருந்தால் பாடவேண்டியதுதான்.

விளையாட்டையும் தாகூர் விடவில்லை. 1929இல் ஜப்பானிலிருந்து தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரை வரவழைத்தார். பெண்பிள்ளைகளும் சேர்ந்து கற்றார்கள். அவர்கள் ஜூடோ செய்து காட்டும் நிகழ்ச்சிக்காகத் தாகூர் ஒரு பாட்டே கட்டினார். ஆனால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆசிரியரை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. நோபல் பரிசு பெற்றவரின் பள்ளிக்கே இந்தக் கதி என்றால் மற்ற பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பந்தும் தம்புராவும் ஒரு தடவை வாங்கினால் போதும். ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பட்ஜெட்டில் முதல் வெட்டு விழுவதும் அங்கேதான்.

இனி நம் சென்னைக்கு வருவோம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடற்கல்வி படித்தவர். கூடைப்பந்து பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒரு கூடத்தின் இரண்டு பக்கத்திலும் பழக்கூடைகளைக் கட்டி உருவாக்கிய ஆட்டம் அது. கைப்பந்தும் 1895இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.யில் பிறந்ததுதான். இரண்டுமே குறைந்த இடத்தில் நிறையப் பேர் ஆடுவதற்காக யோசித்துச் செய்த ஆட்டங்கள்.

பக் சென்னைக்கு வந்தபோது நம் பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கச் சொல்வார், கையை உயர்த்தச் சொல்வார், தப்பினால் பிரம்பு. விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் முறையான பயிற்சி வேண்டும் என்று கருதிய பக், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் மரங்கள் சூழ்ந்த பெரிய மைதானத்தோடு இன்றும் நாம் பார்க்கும் கல்லூரி அதுதான். ஆட்ட விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பயிற்சியாளராகச் சென்றவரும் அவரே. ஆனால் அவருடைய பெரிய காரியம் ஒலிம்பிக் அல்ல என்பேன். அங்கே பயிற்சி பெற்ற பி.டி. மாஸ்டர்கள் சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, விசில் ஊதினார்கள். மாலையில் பள்ளி மைதானத்தில் கைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள் நம் வளாகத்திலேயே பலர் இருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

பாட்டுக்கும் தமிழ்நாட்டில் இப்படி ஒருவர் உண்டு. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். 1980களில் பள்ளிப் பிள்ளைகள் பல மொழிப் பாட்டுகளைக் கூட்டமாகச் சேர்ந்து பாடும் இயக்கத்துக்கு உழைத்தார். நம் வழக்கத்தில் பாட்டு கற்பது என்றால் குருவிடம் தனியாகக் கற்று, தனியாக மேடை ஏறுவது. அது பெரிய கலை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது சிலருக்கானது. சேர்ந்திசையில் சுமாரான குரலுக்கும் இடம் உண்டு. பக்கத்தில் பாடுகிறவனின் குரலைக் கேட்காமல் அதில் பாட முடியாது. 1988இல் அவர் இறந்தபோதும் இதே பணியாகத்தான் லட்சத்தீவுக்குப் போயிருந்தார்.

இன்றைக்குச் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்று இருக்கிறது. 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலையும் உடற்கல்வியும் சொல்லிக்கொடுக்கப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனாலும் நகரத்தில் மூன்றடுக்குக் கட்டடமும் நான்கு வேன் நிற்கும் முற்றமுமாக நடக்கும் பள்ளிகளை நாம் தினமும் பார்க்கிறோம்.

இந்த இடைவெளியில் பயிற்சி மையங்கள் வந்துவிட்டன. கிரிக்கெட் அகாடமி, நீச்சல் வகுப்பு, கீபோர்டு வகுப்பு. பணம் கட்ட முடிந்தவர் பிள்ளையைச் சேர்க்கிறார். அங்கேயும் ஆறு மாதத்தில் 'உங்க பையன் செலக்ஷனுக்குத் தேறுவானா' என்பதுதான் பேச்சு. தேறமாட்டான் என்று தெரிந்தால் நிறுத்திவிடுகிறோம். இங்கிலாந்தில் நடந்த அதே கதை, பதினோரு பேர் ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பது. விளையாட்டுக் கோட்டாவில் வங்கி வேலைக்கு வந்தவர்கள் என்னோடு பணிபுரிந்திருக்கிறார்கள், திறமையானவர்கள். ஆனால் அந்தக் கோட்டாவில் வேலை கிடைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு. மீதிப் பேர் எதற்காக ஆட வேண்டும் என்றால், காட்டனும் த்ரிங்கும் பிஸ்கோவும் தாகூரும் பக்கும் சீனிவாசனும் யோசித்தது அந்த மீதிப் பேரைப் பற்றித்தான்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். 'பி' பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் கூடுதல் கார் நிறுத்துமிடமாக மாற்றலாம் என்ற யோசனை வரும் பொதுக்குழுவுக்கு வருகிறது. இரண்டாவது கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். விருந்தினர் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு அரைமணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பது சங்கடம்தான். அதனால் கணக்கை மட்டும் வைக்கிறேன். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். கபடி ஆடுகளம் 13க்கு 10, 130 சதுர மீட்டர். பத்துக் கார் நிற்கும் இடம். கைப்பந்து ஆடுகளம் 18க்கு 9, 162 சதுர மீட்டர். பதின்மூன்று கார். வண்டி திரும்பி வர வழி விட்டால் இந்த எண்ணிக்கை இன்னும் குறையும். ஆக நாம் தீர்மானிக்கப்போவது, பத்துக்கும் குறைவான கார்களா, நம் பிள்ளைகள் அத்தனை பேரின் மாலை நேரமா என்பதைத்தான். அவர்களில் பலருக்குப் பள்ளியில் மைதானம் கிடையாது. இதுவும் போனால் அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

என் கோரிக்கை மூன்று. ஒன்று, அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்து, மாலை நாலரை முதல் ஆறரை வரை பிள்ளைகளுக்கு என்று எழுதிவைப்போம். சத்தம் வருகிறது என்று செக்யூரிட்டியை அனுப்பி விரட்ட வேண்டாம். சத்தம் ஆறரைக்கு நின்றுவிடும். இரண்டு, பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியரை வரவழைப்போம். சாந்திநிகேதனில் பணம் தீர்ந்த இடத்தில் நாம் தொடங்கலாம். மூன்று, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கம்யூனிட்டி ஹாலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பாட ஏற்பாடு செய்வோம். பாடத் தெரிந்த மாமிகளும் அக்காக்களும் நம் வளாகத்தில் இருக்கிறீர்கள், உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். எதற்கும் தேர்வு வேண்டாம், பரிசும் வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும் காவலாளியின் பிள்ளைகளும் வந்தால் சேர்த்துக்கொள்வோம். ஒரே பந்தை எல்லாரும் தொடலாம் என்று ஸ்ரீநகர்ப் பையன்கள் 1891இலேயே கற்றுக்கொண்டுவிட்டார்களே.

பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள், பேசி முடிவெடுப்போம். வரும்போது ஒரு உதவி செய்யுங்கள். மாலையில் எங்கே விளையாடுகிறாய் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு, அவன் சொல்லும் பதிலையும் கொண்டு வாருங்கள்.